கன்னியா நீரின் சூட்டைக் கை அளக்குமா?

விஞ்ஞானம்: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சூட்டைப் பற்றியவை. கச்சான் என்னும் உலர்ந்த சூட்டுக் காற்று வீசும் காலத்தில் திருகோணமலைப் பிள்ளைகள் வேறு எதைக் கேட்பார்கள்! ஒரே கேள்வி பல கடிதங்களில் இருந்தால், நன்றாக விரித்து எழுதியதை எடுத்துக்கொண்டேன். பரீட்சைக்கு விடை மட்டும் வேண்டும் என்று எழுதியவர்களுக்கும் இங்கேயே விடை இருக்கிறது. தயவுசெய்து கணக்குகளைத் தாண்டிப் போகாதீர்கள். ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்.

ரீச்சர், விடுமுறையில் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போயிருந்தோம். ஏழு கிணறுகளிலும் சூடு ஒன்றுபோல் இராது என்று அப்பப்பா சொன்னார். முதல் கிணற்றுத் தண்ணீர் எனக்கு நன்றாகச் சுட்டது. கடைசிக் கிணறுகளுக்கு வந்தபோது வித்தியாசமே தெரியவில்லை. பிந்தி வந்த தம்பியோ, நான் ‘சூடே இல்லை’ என்று சொன்ன அதே தண்ணீரைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டான். யார் சொல்வது சரி?
– தரம் 8 மாணவி, உப்புவெளி

இருவரும் உணர்ந்ததை உள்ளபடி சொல்லியிருக்கிறீர்கள், மகள். ஆனால் இருவருமே தண்ணீரின் வெப்பநிலையைச் சொல்லவில்லை. உங்கள் உங்கள் தோலில் என்ன நடந்தது என்பதைத்தான் சொன்னீர்கள்.

தோலின் அடியில் இருக்கும் நரம்பு முனைகள் தாம் இருக்கும் இடத்தின் வெப்பநிலையையும், அது எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதையும் மூளைக்கு அறிவிக்கின்றன. கையின் தோல் வழக்கமாக 32, 33 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். அதைவிடச் சூடான நீரை ஊற்றியதும் நீரிலிருந்து தோலுக்கு வெப்பம் பாய்கிறது, தோலின் வெப்பநிலை சட்டென்று ஏறுகிறது, ‘சுடுகிறது’ என்று மூளை சொல்கிறது. ஒரு கிணற்றிலிருந்து அடுத்த கிணற்றுக்கு வாளி வாளியாக அள்ளி ஊற்றிக்கொண்டே வந்த உனக்குத் தோல் ஏற்கனவே சூடேறிவிட்டது. தோலுக்கும் நீருக்கும் இடையில் வித்தியாசம் குறைந்தது, பாய்ந்த வெப்பமும் குறைந்தது, நரம்பு முனைகளும் அந்த நிலைக்குப் பழகிவிட்டன. தம்பியின் கை அப்போதுதான் வெளியிலிருந்து வந்தது.

வீட்டிலேயே இதைச் செய்து பார்க்கலாம், பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள். மூன்று சட்டிகளை வரிசையாக வை. இடப்பக்கச் சட்டியில் ஐஸ் போட்ட தண்ணீர். வலப்பக்கச் சட்டியில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர். நடுச் சட்டியில் குழாய்த் தண்ணீர். இடக்கையை ஐஸ் நீரிலும் வலக்கையை வெந்நீரிலும் ஒரு நிமிடம் வைத்திருந்துவிட்டு, இரண்டையும் ஒரே நேரத்தில் நடுச் சட்டிக்குள் வை. இடக்கை ‘சூடு’ என்னும், வலக்கை ‘குளிர்’ என்னும். இரண்டும் தொடுவது ஒரே தண்ணீர். உடனே கண்ணை மூடிக்கொண்டு பார், நடுவில் இரண்டு சட்டிகள் இருப்பதாகவே தோன்றும்.

காலையில் வகுப்பறைக்குள் போனதும் மேசையின் மரப் பலகையையும் இரும்புக் காலையும் தொட்டுப் பார்த்ததுண்டா? இரும்பு குளிரும். இரவு முழுவதும் ஒரே அறையில் கிடந்த இரண்டும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கின்றன. இரும்பு மரத்தைவிடச் சில நூறு மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். தொட்ட இடத்துச் சூட்டை உடனே உள்ளே இழுத்துப் பரப்பிவிடுவதால் விரல் குளிர்கிறது. மரம் அப்படி இழுக்காது. தொட்ட இடம் விரைவில் விரலின் சூட்டுக்கே வந்துவிடும்.

ஆகவே அப்பப்பா சொன்னதைச் சோதிக்க வெப்பமானி வேண்டும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியைக் கொண்டுபோகாதே, அதன் அளவுகோல் ஏறக்குறைய 35இல் தொடங்கி 42 பாகையில் முடிந்துவிடும். பாடசாலை ஆய்வுகூடத்தில் சிவப்பு மதுசாரம் நிரப்பிய வெப்பமானி இருக்கும். விஞ்ஞான ஆசிரியரிடம் கேட்டு, அவருடனேயே போங்கள். ஒன்றை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்: வெப்பமானி எப்போதும் தன்னுடைய வெப்பநிலையைத்தான் காட்டும். குமிழுக்குள் இருக்கும் திரவம் நீரின் சூட்டுக்கு வந்து, விரிந்து, குழாயில் ஏறி, அசையாமல் நின்ற பிறகுதான் அது காட்டுவது நீரின் வெப்பநிலையாகும். குமிழ் நீருக்குள் இருக்கும்போதே, கண்ணைத் திரவ மட்டத்துக்கு நேராக வைத்து வாசிக்க வேண்டும். ஏழு கிணறுகளிலும் ஒரே ஆழத்தில் வைத்து வாசித்து ஓர் அட்டவணை போடுங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், மிகவும் விரும்பிப் பார்ப்பேன்.

இன்னொரு கேள்வியையும் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறாய்: அந்த நீர் ஏன் சூடாக இருக்கிறது? தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் நிலத்தில் தன் வாளை ஊன்றிய இடங்களில் ஊற்றெடுத்தது என்பது நம் ஊரின் ஐதீகம். இன்றும் அங்கே ஈமக்கடன் செய்ய வருவோர் உண்டு. பௌதிகவியல் சொல்வது இது. இலங்கையில் எரிமலை இல்லை. ஆனால் எந்த ஊரிலும் நிலத்துக்குள் ஆழமாகப் போகப் போகச் சூடு ஏறும், பொதுவாக ஒரு கிலோமீற்றருக்கு 25 முதல் 30 பாகை வரை. மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே மிக ஆழத்துக்கு இறங்கி, அங்கே சூடேறி, வேறு வெடிப்புகள் வழியே மேலே திரும்புகிறது. மேலே வரும் வழியில் குளிர்ந்த நிலத்தடி நீர் எவ்வளவு கலக்கிறது என்பது ஊற்றுக்கு ஊற்று வேறுபடலாம். ஒன்றை ஒன்று ஒட்டியிருக்கும் கிணறுகளில் சூடு மாறுபடுவதற்கு அது போதும்.

‘செந்நிறமாகக் காய்ந்த ஓர் ஆணி, ஒரு வாளி இளஞ்சூட்டு நீர். குளிரும்போது எது அதிக வெப்பத்தை வெளிவிடும்?’ என்ற கேள்விக்கு ஆணி என்று எழுதினேன். பிழை என்றார்கள். ஆணி பட்டால் தோல் பொசுங்கிவிடும். அந்தத் தண்ணீரில் குளிக்கலாம். பிறகு எப்படித் தண்ணீர் அதிகம் கொடுக்கும்?
– தரம் 10 மாணவன், கிண்ணியா

கணக்குப் போட்டுப் பார்ப்போம், தம்பி. ஆணியின் திணிவு 10 கிராம், வெப்பநிலை 800 பாகை என்று வைப்போம். இரும்பின் தன்வெப்பக் கொள்ளளவு ஏறக்குறைய 450. அதாவது ஒரு கிலோகிராம் இரும்பின் வெப்பநிலை ஒரு பாகை மாற 450 யூல் சக்தி வேண்டும். ஆணி 30 பாகைக்குக் குளிரும்போது வெளிவிடுவது 0.01 × 450 × 770, ஏறக்குறைய 3,500 யூல்.

வாளியில் 10 லீற்றர் நீர், 40 பாகையில். நீரின் தன்வெப்பக் கொள்ளளவு 4,200. அது 30 பாகைக்குக் குளிரும்போது வெளிவிடுவது 10 × 4,200 × 10, அதாவது 420,000 யூல். ஆணி கொடுப்பதைவிட நூறு மடங்குக்கும் மேல்! அந்த ஆணியை அந்த வாளிக்குள்ளேயே போட்டால் ‘சுர்ர்’ என்று சத்தம் வரும், ஆவி பறக்கும். ஆனால் வாளி நீரின் வெப்பநிலை ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்குகூட ஏறாது.

அப்படியானால் ஆணி ஏன் பொசுக்குகிறது? வெப்பம் எந்தப் பக்கம் பாயும், எவ்வளவு வேகமாகப் பாயும் என்பதைத் தீர்மானிப்பது வெப்பநிலை வேறுபாடு. 800 பாகைக்கும் உன் தோலுக்கும் இடையில் அந்த வேறுபாடு மிகப் பெரியது. இருக்கும் 3,500 யூலில் ஒரு பகுதி ஒரு புள்ளியில், ஒரு கணத்தில் தோலுக்குள் இறங்கிவிடும். தோல் அழிவதற்கு அதுவே போதும்.

கந்தளாய்க் குளத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது! ஆனாலும் குளக்கட்டின்மேல் நின்று ஒரு போத்தலைச் சரித்தால், போத்தல் நீர்தான் குளத்துக்குள் விழும். எதில் தண்ணீர் அதிகம் என்று பார்த்து நீர் ஓடுவதில்லை, எது உயரத்தில் இருக்கிறது என்று பார்த்தே ஓடுகிறது. வெப்பநிலையை அந்த உயரமாக எண்ணிக்கொள்.

உயர்தரத்துக்குப் போகவிருப்பதால் இதையும் சொல்லிவைக்கிறேன். ஒரு பொருளுக்குள் இருப்பது அதன் மூலக்கூறுகளின் அகச்சக்தி. வெப்பநிலை வேறுபாடு காரணமாக ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கடந்துபோகும் சக்தியையே வெப்பம் என்கிறோம். வெப்பநிலையோ மூலக்கூறுகளின் தாறுமாறான அசைவின் சராசரி இயக்கச்சக்தியைக் காட்டுவது. ஆணியின் ஒவ்வோர் அணுவும் மிக வேகமாக அதிர்கிறது, ஆனால் அணுக்கள் குறைவு. வாளியில் அசைவு மெதுவானது, மூலக்கூறுகள் மிக மிக அதிகம்.

எங்கள் வீடு நிலாவெளிக் கடற்கரையில். பகலில் மணலில் கால் வைக்க முடியாது, கடலில் இறங்கினால் இதமாக இருக்கும். இரவில் மணல் குளிர்ந்துவிடும், கடல் வெதுவெதுப்பாக இருக்கும். இரண்டின் மீதும் ஒரே வெயில்தானே படுகிறது? பகலில் கடலிலிருந்து காற்று வருவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா? கச்சான் நாட்களில் ஏன் அந்தக் காற்று வருவதில்லை?
– தரம் 9 மாணவி, நிலாவெளி

மூன்று கேள்விகளையும் சரியான ஒழுங்கில் அடுக்கியிருக்கிறாய். ஒன்றின் விடையிலிருந்து மற்றது பிறக்கும்.

உலர்ந்த மணலின் தன்வெப்பக் கொள்ளளவு ஏறக்குறைய 800, நீரினதில் ஐந்தில் ஒரு பங்குதான். எல்லாரும் இதை எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. நண்பகலில் மணலைக் கையால் ஒரு சாண் தோண்டிப் பார், கீழே குளிர்ச்சியாக இருக்கும். மணிகளுக்கு இடையில் காற்று நிறைந்திருப்பதால் உலர் மணல் வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. வெயிலின் சக்தி முழுவதும் மேலே உள்ள மெல்லிய படையிலேயே தங்கிவிடுகிறது. அந்தப் படைதான் உன் காலைச் சுடுகிறது. கடலிலோ ஒளி பல மீற்றர் ஆழத்துக்கு இறங்குகிறது, அலை கலக்குகிறது, மேற்பரப்பிலிருந்து நீர் ஆவியாகி வெப்பத்தைக் கொண்டுபோகிறது. அவ்வளவு பெரிய நீர்த்திணிவு ஒரு பகலில் ஒரு பாகை ஏறுவதே அதிகம். இரவில் மணலின் அந்த மெல்லிய படை, சேர்த்ததை எல்லாம் கதிர்ப்பாக வானத்துக்கு விட்டுவிடுகிறது. கடல் அப்படியே இருக்கிறது. இரவில் கடல் சூடேறவில்லை, உன் தோலும் மணலும் காற்றும் குளிர்ந்துவிட்டன. மேலே உப்புவெளி மாணவிக்குச் சொன்னது இங்கேயும் பொருந்தும்.

பகலில் சூடேறிய தரையின் மேலுள்ள காற்று விரிந்து, அடர்த்தி குறைந்து மேலெழுகிறது. அந்த இடத்துக்குக் கடல்மேலுள்ள குளிர்ந்த காற்று நகர்ந்து வருகிறது. அதுதான் கடற்காற்று. இரவில் தரை கடலைவிடக் குளிர்ந்துவிடும், காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசும். அது தரைக்காற்று. பாய் கட்டி ஓடிய நாட்களில் நம் கடற்றொழிலாளர் விடியுமுன் தரைக்காற்றோடு வெளியே போய், கடற்காற்றோடு கரைக்குத் திரும்பினார்கள். பாடப்புத்தகத்தில் மேற்காவுகை என்று வாசிப்பதை அவர்கள் முதுகிலே உணர்ந்தார்கள்.

இனிக் கச்சான். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை தென்மேல் பருவக்காற்று இந்து சமுத்திரத்திலிருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு இலங்கையின் மேற்குக் கரைக்கு வருகிறது. வழியில் மத்திய மலைநாடு குறுக்கே நிற்கிறது. காற்று மலையில் ஏறும்போது மேலே அமுக்கம் குறைவதால் விரிகிறது, விரியும்போது குளிர்கிறது. முகிலாவதற்கு முன்பு ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் 10 பாகை குறையும். முகில் உண்டாகத் தொடங்கியதும், நீராவி ஒடுங்கி நீராகும்போது, ஆவியானபோது வாங்கிவைத்த வெப்பத்தை (மறைவெப்பத்தை) வெளிவிடுவதால் குளிர்வது மெதுவாகி, கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 6 பாகையாகிறது. அந்த நீர் வட்டவளைப் பக்கத்து மலைச்சரிவுகளில் மழையாகக் கொட்டிவிடுகிறது. ஈரத்தை இழந்த காற்று இந்தப் பக்கம் இறங்குகிறது. இறங்கும்போது அமுக்கம் கூடுவதால் நெருக்கப்பட்டுச் சூடேறுகிறது. இப்போது முகில் இல்லை, ஆகவே கிலோமீற்றருக்கு முழுதாக 10 பாகை ஏறும்.

கணக்கை நீயே போடு. மேற்குக் கரையில் 28 பாகை. முதல் அரைக் கிலோமீற்றரில் 5 பாகை குறைகிறது. அடுத்த ஒன்றரைக் கிலோமீற்றரில் 9 பாகை குறைகிறது. இரண்டு கிலோமீற்றர் உயரத்தில் 14 பாகை. அங்கிருந்து இரண்டு கிலோமீற்றர் இறங்கும்போது 20 பாகை ஏறுகிறது. நம்மிடம் வந்து சேரும்போது 34! யாரும் அடுப்பு மூட்டவில்லை. ஏறும் வழியில் ஒடுங்கிய நீராவி கொடுத்த வெப்பம் காற்றிலேயே தங்கிவிட்டது. நீரைத் திருப்பி ஆவியாக்க அதைச் செலவழிக்க வேண்டியும் வரவில்லை, ஏனென்றால் நீர் மலைக்கு அந்தப் பக்கமே விழுந்துவிட்டது. உண்மையில் காற்றின் ஒரு பகுதி மலையைச் சுற்றியும் வருவதால் ஒவ்வொரு நாளும் கணக்குப்படி அமையாது. ஆனாலும் கிழக்குக் கரையில் கச்சான் எரிவதற்கு அடிப்படை இதுதான். மேற்கிலிருந்து அது பலமாக வீசும் நாளில், கிழக்கிலிருந்து வர முயலும் கடற்காற்றைத் தடுத்துவிடுகிறது. கடற்காற்று முந்திவிட்ட நாளில் பிற்பகல் தப்பியது என்று எல்லாரும் ஆறுதலாக இருப்போம்.

எங்கள் வகுப்பறைக்குத் தகரக் கூரை. நண்பகலுக்குப் பிறகு தலை எரிகிறது. கூரையில் சூடான காற்று கீழே இறங்குவதால்தான் என்று நண்பன் சொல்கிறான். சரியா?
– தரம் 9 மாணவன், சீனக்குடா

சரியில்லை. சூடான காற்று இலேசானது, கூரையின் அடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். உங்கள் தலைக்கு வருவது கதிர்ப்பு. அதற்குக் காற்றே தேவையில்லை. சூரியனிலிருந்து பூமிக்கு வெற்றிடத்தின் ஊடாக வருவதும் அப்படித்தான். வெயிலில் கிடக்கும் பழைய தகரம் 60 பாகை வரை சூடேறலாம். அப்போது அது 30 பாகையில் இருக்கும் கூரையைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கதிர்ப்பைக் கீழே விடும். கொப்பியைத் தலைக்கு மேலே ஓர் அடி உயரத்தில் பிடித்துப் பாருங்கள், எரிச்சல் உடனே குறையும். காற்றில் எந்த மாற்றமும் இல்லை, கதிர்ப்பை மட்டும் கொப்பி மறைத்தது.

இதைப் பெற்றோரும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இருப்பவர்களும் வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். மின்விசிறி வியர்வையை உலர்த்தும், ஆனால் கூரையிலிருந்து வரும் கதிர்ப்பைத் தடுக்காது. கூரைக்கு வெளிப்புறம் வெள்ளைப் பூச்சு அடித்தால் வெயிலின் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும், தகரமே அவ்வளவு சூடேறாது. உள்ளே ஒரு தட்டுக்கூரை போட்டு, அதற்கும் தகரத்துக்கும் இடையிலுள்ள காற்று வெளியேற முகட்டில் வழிவிட்டால் இன்னும் நல்லது. கிடுகு வேய்ந்த வீட்டுக்குள் ஏன் குளிர்ச்சி என்று நம் முன்னோருக்குத் தெரியும். ஓலைகளுக்கு இடையில் அடைபட்ட காற்று நல்ல வெப்பக் காவலி, உட்புற ஓலை சூடேறுவதில்லை. கச்சான் காலத்தில் இரண்டாம் தவணைப் பாடங்களைப் பிள்ளைகள் அந்தத் தகரத்தின் கீழே இருந்துதான் படிக்கிறார்கள். ஒரு வாளி வெள்ளைப் பூச்சு பெரிய செலவில்லை.

மண்பானையில் வைத்த தண்ணீர் கச்சான் காலத்தில் பல் கூசக் குளிர்கிறது. மாரியில் அவ்வளவு குளிர்வதில்லை. வெயில் கூடினால் தண்ணீரும் சூடாகத்தானே வேண்டும் என்று மகள் கேட்கிறாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.
– ஒரு தாய், தம்பலகாமம்

மகளின் கேள்வி மிக நல்ல கேள்வி, அம்மா. சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. நீர் அவற்றினூடாகக் கசிந்து பானையின் வெளிப்புறத்தை ஈரமாக வைத்திருக்கிறது. அந்த ஈரம் ஆவியாக வெப்பம் வேண்டும். ஒரு கிராம் நீர் அந்த வெப்பநிலையில் ஆவியாக ஏறக்குறைய 2,400 யூல். அதன் பெரும்பகுதியைப் பானையிலிருந்தும் உள்ளே இருக்கும் நீரிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. 100 கிராம் நீரிலிருந்து 2,400 யூலை எடுத்தால் அதன் வெப்பநிலை ஏறக்குறைய 6 பாகை குறைந்துவிடும்.

கச்சான் உலர்ந்த காற்று, விரைவாக ஈரத்தை உறிஞ்சும். ஆகவே பானை நன்றாகக் குளிர்கிறது. மாரியில் காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைந்திருக்கிறது, ஆவியாதல் மந்தமாகிவிடும். பானையை மூடிய அறையின் மூலையில் வைக்காமல், நிழலாக, காற்றுப் படும் இடத்தில் வையுங்கள். வெளிப்புறத்தில் பூச்சு எதுவும் பூசாதீர்கள், துளை அடைபட்டுவிடும். உங்கள் ஊர் எருமைத் தயிர் மண்சட்டியில் கட்டியாக உறைவதற்கும் இந்த நுண்துளைகள் துணை செய்கின்றன. தயிரின் நீர் கொஞ்சம் சட்டியால் உறிஞ்சப்பட்டுவிடுகிறது.

மகளிடம் ஒரு சோதனையும் செய்யச் சொல்லுங்கள். வெப்பமானியின் குமிழை மின்விசிறிக்கு முன்னே பிடிக்கட்டும், வெப்பநிலை இறங்காது. பிறகு குமிழில் ஈரத்துணி சுற்றிப் பிடிக்கட்டும், சில நிமிடங்களில் இறங்கும். கச்சான் நாளிலும் மழை நாளிலும் எத்தனை பாகை இறங்குகிறது என்று குறித்துவைத்தால், காற்றில் எவ்வளவு ஈரம் என்பதை ஒப்பிடும் கருவியையே அவள் செய்துவிட்டாள்.

அப்பா மீன் வியாபாரம் செய்கிறார். ஐஸ்கட்டியைச் சாக்கால் சுற்றி வைப்பார். சாக்கு நம்மைப் போர்த்தினால் சூடாக்கும், ஐஸை உருக்கிவிடாதா? ஐஸை ஏன் உடைத்துப் போடுகிறார்கள்?
– தரம் 7 மாணவன், மூதூர்

சாக்கு யாரையும் சூடாக்குவதில்லை, மகன். வெப்பம் கடப்பதை மெதுவாக்குகிறது, அவ்வளவுதான். உன்னைப் போர்த்தினால் உன் உடற்சூடு வெளியே போவது மெதுவாகிறது. ஐஸைச் சுற்றினால் வெளிச்சூடு உள்ளே வருவது மெதுவாகிறது. ரிஜிபோம் பெட்டி இதையே இன்னும் நன்றாகச் செய்யும், அதன் பெரும்பகுதி அடைபட்ட காற்றுத்தான்.

பெரிய கட்டியில் மீனைத் தொடும் பரப்புக் குறைவு. உடைத்தால் எல்லாப் பக்கமும் மீனை ஒட்டிக்கொள்ளும், வெப்பத்தை விரைவாக எடுக்கும். உருகிய நீர் இடைவெளிகளில் இறங்கி இன்னும் உதவும். ஒரு கிலோகிராம் ஐஸ் உருக 334,000 யூல் வேண்டும். அவ்வளவையும் வாங்கிக்கொண்டு வெப்பநிலை 0 பாகையிலேயே நிற்கும். அதே வெப்பம் ஒரு கிலோகிராம் நீரை 0 பாகையிலிருந்து ஏறக்குறைய 80 பாகைக்கு ஏற்றிவிடும். 0 பாகையில் இருக்கும் தண்ணீரை ஊற்றி மீனைக் காக்க முடியாது, 0 பாகை ஐஸால் முடியும் என்பதற்குக் காரணம் இதுதான். வெப்பம் போய்க்கொண்டிருக்க வெப்பமானி அசையாமல் நிற்பதை 1760களில் கிளாஸ்கோவில் கவனித்து மறைவெப்பம் என்ற கருத்தைக் கொண்டுவந்தவர் ஜோசப் பிளாக். வெப்பமும் வெப்பநிலையும் வேறு என்று தெளிவாகப் பிரித்துக் காட்டியவரும் அவரே.

எவ்வளவு வேண்டுமானாலும் குளிராக்க முடியுமா?
– தரம் 8 மாணவன், திருகோணமலை நகர்

முடியாது. −273.15 பாகை செல்சியஸ் கீழெல்லை. கெல்வின் அளவுகோலில் அதுதான் 0. அதற்கு மிக நெருங்கலாம், அதைத் தொட முடியாது.

அம்மம்மாவின் பழைய காய்ச்சல் வெப்பமானியில் 98.4 என்ற இடத்தில் அம்புக்குறி இருக்கிறது. பாடத்தில் 37 என்கிறார்கள். எது சரி? வாயிலிருந்து எடுத்த பிறகும் அது ஏன் இறங்குவதில்லை?
– தரம் 7 மாணவி, திருகோணமலை நகர்

இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. அம்மம்மாவினது பரனைற் அளவுகோல். செல்சியஸ் அளவை 1.8ஆல் பெருக்கி 32ஐக் கூட்டினால் அது கிடைக்கும். 37ஐப் போட்டுப் பார், 98.6 வரும். ஆரோக்கியமான உடலில் வெப்பநிலை காலையிலும் மாலையிலும் கொஞ்சம் மாறும், ஆகவே இந்தச் சிறு வேறுபாட்டைப் பெரிதாக எண்ண வேண்டாம். செல்சியஸ் அளவுகோலைத் தந்த சுவீடன் நாட்டு வானியலாளர் அந்தர்ஸ் செல்சியஸ், 1742இல் நீர் கொதிக்கும் நிலைக்கு 0 என்றும் உறையும் நிலைக்கு 100 என்றும் வைத்திருந்தார். அவர் காலத்துக்குப் பின் அது தலைகீழாக மாற்றப்பட்டது.

குமிழுக்கு மேலே குழாயில் ஓர் இடத்தில் மிக ஒடுக்கமாக இருக்கும். இரசம் (பாதரசம்) விரியும்போது அந்த ஒடுக்கத்தைத் தாண்டி ஏறிவிடும். குளிரும்போது அந்த இடத்தில் அறுந்து, மேலே உள்ள இரசம் அங்கேயே நின்றுவிடும். அதனால்தான் உதறி இறக்குகிறோம்.

அந்த வெப்பமானியை நீ உதறாதே, பெரியவர்களிடம் கொடு. இரசத்தின் ஆவி நஞ்சு. தவறி உடைந்தால் கையால் தொடவும் வேண்டாம், தும்புத்தடியால் கூட்டவும் வேண்டாம், கூட்டினால் இன்னும் சிறு உருண்டைகளாகச் சிதறும். யன்னல்களைத் திறந்துவிட்டுச் சிறுவர்கள் வெளியே வர வேண்டும். பெரியவர் ஒருவர் கையுறை போட்டு, தடித்த கடதாசித் துண்டுகளால் உருண்டைகளை ஒன்றாகத் தள்ளிச் சேர்த்து, இறுக்கமான மூடியுள்ள போத்தலில் போட்டு மூடி வைக்கட்டும். அதைக் கழிவறையிலோ கிணற்றடியிலோ கொட்டக்கூடாது.